எதிர் வரிசைக்குப் போன களிம்பு

எங்கள் சந்தில் யாரும் கிண்ணத்தைக் காலியாகத் திருப்பித் தர மாட்டார்கள். மீன்குழம்பு வந்த கிண்ணம் நாலு நெல்லிக்காயோடாவது திரும்பிப் போகும். வீட்டில் ஒன்றுமே இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரை. வெறும் கிண்ணத்தை நீட்டினால் முகத்தில் அடித்த மாதிரி. இது தெரியாமல் கொச்சி மட்டாஞ்சேரிக்கு மருத்துவ ஆராய்ச்சி செய்ய வந்தால் என்ன கதியாகும் என்பதைக் கூடவே இருந்து பார்த்தவள் நான்.

தொண்ணூறுகளின் கடைசி. ப்ரீ டிகிரி முடித்துவிட்டு வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு, யானைக்கால் ஆராய்ச்சி ஒன்றில் வீடு வீடாகப் போய் விசாரிக்கும் வேலை கிடைத்தது. எங்கள் ஊரில் கொசுவுக்கும் பஞ்சமில்லை, மந்து என்று நாங்கள் சொல்லும் யானைக்காலுக்கும் பஞ்சமில்லை. பணம் கொடுத்தது கடல் தாண்டிய ஒரு தர்ம நிதி. அங்கே கடைவாசலில் டப்பா குலுக்கியும் கேக் விற்றும் சேர்த்த காசாம். சர்க்காருக்கு ஆயிரம் வேலை. மருந்துக் கம்பெனிக்கோ, சோப்பைப் போட்டுக் கழுவு என்று சொல்லும் ஆராய்ச்சியில் என்ன லாபம்? அதனால் டப்பா குலுக்கியவர்கள்தான் வர வேண்டியிருந்தது.

ஆராய்ச்சி இதுதான். வீங்கிய காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் ஒற்றி, விரலிடுக்கில் களிம்பு தடவினால், அடிக்கடி வரும் குளிர்காய்ச்சல் குறையுமா? சீட்டுப் போட்டார்கள். சந்தின் கிழக்கு வரிசைக்குச் சோப்பும் களிம்பும். மேற்கு வரிசைக்கு, காலைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்ற நோட்டீஸ் மட்டும். காய்ச்சல் வந்தால் இரண்டு வரிசைக்கும் மாத்திரை உண்டு. ஒரு வருஷம் கழித்து மேற்குக்கும் களிம்பு தருவார்கள்.

எங்கள் வீடு மேற்கு வரிசை. அம்மாவின் வலது கால் மந்து.

அம்மா நகரசபையில் தெருக் கூட்டும் வேலை பார்த்தாள். காய்ச்சல் வந்துவிட்டால் நாலைந்து நாள் கம்பளிக்குள் கிடந்து பல்லைக் கிட்டித்துக்கொள்வாள். செருப்பு ஜோடியாகத்தான் வாங்க வேண்டும், ஆனால் இடது காலில் மட்டும் போட்டுக்கொள்வாள். வலது செருப்புகள் எல்லாம் புதுக்கருக்கு அழியாமல் கட்டிலுக்கு அடியில் கிடந்தன.

"ஏண்டி, ஊருக்கெல்லாம் மருந்து சொமக்குற, பெத்தவளுக்குக் காயிதமா?"

"சீட்டு அப்படி விழுந்துடுச்சும்மா. சட்டம்னா சட்டம்."

"எந்தாடி சட்டம்? நீ என்ன கலெக்டரா?"

நான் மசியவில்லை. எனக்கு ரோஷம் அதிகம். முதல் வேலை, தோளில் பை, டாக்டர் கொடுத்த அடையாள அட்டை. என் அம்மாவுக்கு ஒரு பொட்டுக் களிம்பு போனாலும் ஆராய்ச்சியே குடைசாய்ந்துவிடும் என்று நம்பினேன். பையை வீட்டுக்குள் கூட எடுத்து வருவதில்லை. உள்ளுக்குள் எனக்கும் சங்கடம்தான். அம்மா நடுங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதிருக்கிறேன்.

சில மாதம் போனது. கிழக்கு வரிசையில் காய்ச்சல் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால் மேற்கிலும் குறைந்தது. அம்மா ஒரு நாள் கூட லீவு போடவில்லை. எங்கள் டாக்டர் கோட்டயத்துக்காரி, நல்ல மனசு, ஆனால் அந்த நோட்டீஸ் அவர் சொந்தமாக எழுதியது.

"கண்டோ! நோட்டீஸ் மதி! வெறும் நோட்டீஸே போதும்!" என்று மேஜையைத் தட்டினார். மேற்கு வரிசையில் அந்த நோட்டீஸை யாரும் படித்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. பாதிப் பேர் அதை அரிசி டின்னுக்கு அடியில் விரித்திருந்தார்கள். ஆனாலும் பெரியவர்கள் சந்தோஷத்தில் கல்லெறிய நான் யார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோசை சுட்டு இறக்கினேன். அடுப்புத் திட்டில் எதிர்வீட்டு மதினியின் கிண்ணம், மேலே தட்டுப் போட்டு மூடியிருந்தது. திறந்தால் வெள்ளை வெளேர் என்று தேங்காய்ச் சட்னி. ஒரு விள்ளல் தோசையில் வழித்து வாயில் போட்டேன்.

ஐயோ! நாக்கு மரத்து, கண்ணில் நீர் முட்டியது. துப்பிக்கொண்டே திரும்பினால் அம்மா வாசலில், தேள் கொட்டிய திருடன் மாதிரி நிற்கிறாள்.

"அதை ஏண்டி தின்ன? காலுக்குள்ளதுடி!"

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. அம்மா முதலில் புட்டு கொடுத்து அனுப்பியிருக்கிறாள். மதினி கிண்ணத்தைக் காலியாகத் தர முடியுமா? பாதிக் களிம்பும், நூலால் அறுத்த சோப்புத் துண்டும் திரும்பி வந்தன. அம்மா மட்டுமில்லை. சந்து முழுக்க இந்தக் கிண்ண வியாபாரம் அமோகமாக நடந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியாமல்.

"எல்லார் காலும் நல்லாத்தானே ஆச்சு? எந்தா குழப்பம்?" என்றாள்.

குழப்பம் எனக்குத்தான் புரிந்தது. நோட்டீஸே போதும் என்று டாக்டர் எழுதிவிட்டால், களிம்புக்கு எவன் காசு கொடுப்பான்? கிழக்குக்கும் நின்றுவிடும், மேற்குக்கும் வராது. அம்மா மறுபடி கம்பளிக்குள் போவாள். அடுத்த வாரம் தர்ம நிதியிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா வருகிறார். சொன்னால் என் வேலை போகும், சொல்லாவிட்டால் களிம்பு போகும். இதை எடுத்துச் சொன்னபோது அம்மா தன் வலது காலைத் தடவிப் பார்த்தாள். "வர்ற அம்மாகிட்ட நானே சொல்றேன். நீ வாயைத் தொறக்காதே" என்றாள்.

வந்தவர் நரைத்த தலை, பருத்திச் சட்டை, வியர்வையில் நனைந்திருந்தார். டாக்டர் முகமெல்லாம் பல். வெள்ளைக்காரம்மா என் அம்மாவின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, நோட்டீஸ் எப்படி உதவியது என்று கேட்டார். மொழிபெயர்க்க நான்தான். வாயைத் திறக்காதே என்றால் நடக்கிற காரியமா!

அம்மா நோட்டீஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மதினியின் கிண்ணத்தை எடுத்து வந்து முன்னால் வைத்து மூடியைத் திறந்தாள். புட்டிலிருந்து களிம்பு வரை ஒன்று விடாமல் சொன்னாள். நான் இங்கிலீஷில் தட்டுத்தடுமாறிச் சொல்லச் சொல்ல, டாக்டரின் முகம் சுண்டிப்போனது. எனக்குப் பாவமாக இருந்தது.

வெள்ளைக்காரம்மா கிண்ணத்தைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக, "மழையில் நின்று டப்பா குலுக்குகிறவர்களிடம் நான் போய் என்ன சொல்வது?" என்று கேட்டார்.

நான் தமிழில் சொன்னேன். அம்மா உடனே, "ஒரு வரிசைக்குக் குடுத்தீங்க, ரெண்டு வரிசைக்குப் போய்ச் சேர்ந்துச்சுன்னு சொல்லுங்க" என்றாள்.

வெள்ளைக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்துவிட்டுக் கறாராகவே பேசினார். இந்த வருஷத்து ஆராய்ச்சி செல்லாது. எங்கள் சந்துக்கு இரண்டு பக்கமும் களிம்பு தொடரும். சோதனையை முதலிலிருந்து வேறு இடத்தில் செய்ய வேண்டும், கிண்ணம் போக முடியாத தூரத்தில். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் கொச்சி முழுவதற்கும் பணம் கேட்க முடியும். அதுவரை ஒரு பொட்டு வெளியே போகக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் கேட்டார். அம்மா என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். என் வேலையும் தப்பியது.

புதுச் சீட்டு விழுந்தது. சுள்ளிக்கல்லுக்குக் களிம்பு. பள்ளுருத்திக்கு நோட்டீஸ், களிம்பு ஒரு வருஷம் கழித்துத்தான்.

பள்ளுருத்தியில்தான் சித்தி இருந்தாள், அம்மாவின் கூடப்பிறந்தவள். அவளுக்கும் அதே கால்.

ஒரு நாள் விசாரிக்கும் வேலைக்காகத் தோப்பும்படியில் பள்ளுருத்தி பஸ் ஏறினேன். முன் சீட்டில் அம்மா. மடியில் தட்டுப் போட்டு மூடிய கிண்ணம். எனக்குப் பகீர் என்றது.

"அம்மா! என் தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணினியே!"

அவள் சண்டைக்கு வரவில்லை. தட்டை விலக்கிக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாள். "நக்கிப் பாரு."

பஸ் முழுக்க வேடிக்கை பார்க்க, விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். தேங்காய், பச்சை மிளகாய், உப்பு கொஞ்சம் தூக்கல். அசல் சட்னிதான்.

"நேத்துலேர்ந்து அவளுக்குக் குளிர்காய்ச்சல். வேற என்னத்த எடுத்துட்டுப் போவேன்?" என்றாள். கண் நிறைந்திருந்தது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். குனிந்து பார்த்தபோது அவளுடைய இரண்டு காலிலும் செருப்பு இருந்தது. வலது செருப்பு புதுசாக மின்னியது.

சித்தி வீட்டு ஸ்டாப் வந்ததும் அம்மா கிண்ணத்தை அணைத்துக்கொண்டு எழுந்தாள். படியில் நின்று திரும்பிச் சொன்னாள்.

"உங்க வெள்ளைக்காரம்மாவுக்கு எழுதிடு. ஒரு வருசம் சொன்னாங்க, ஒரு வருசம் சட்னி அரைக்கிறேன். அதுக்கு மேல ஒரு நாள் தாண்டினாலும் என் கை சும்மா இருக்காது."