தம்பிக்குப் பெண் பார்த்த ஆராய்ச்சி

டண்டீயில் பஸ் ஏறினால் யாராவது ஒருவர் என்மேல் இரக்கப்படாமல் விடுவதில்லை. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரை ஊர் இது. நல்ல வெயில் நாளிலும் கடலிலிருந்து வெள்ளையாக ஒரு மூடுபனி கிளம்பி வந்து தெருவையே மறைத்துவிடும். இந்த ஊர்க்காரர்கள் அதை 'ஹார்' என்கிறார்கள். அப்படி ஒரு காலையில் பக்கத்து இருக்கை அம்மாள் என் கையைத் தட்டிக்கொடுத்து, "பயப்படாதே, இது வெறும் பனிதான், மதியத்துக்குள் போய்விடும்" என்றார். நான் ஏற்காட்டுக்காரி, எங்கள் வாழவந்தியில் பனி கதவைத் தட்டாமல் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் என்று சொன்னேன். "இந்தியாவிலா?" என்று சிரித்தார். பிறகு, "அந்த வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு இது கஷ்டம்தான்" என்று தன் கையுறையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். எங்கள் சேர்வராயன் மலையை நான் எவ்வளவு உயரத்தில் தூக்கி வைத்தாலும் இவர்கள் அதைக் கொண்டுபோய்ப் பாலைவனத்தில்தான் இறக்கி வைக்கிறார்கள். கையுறையை வாங்கிக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

நான் இங்கே படிப்பது பயன்பாட்டுச் சமூக அறிவியலில் முதுகலை. "அதைப் படிச்சா டாக்டரா, வக்கீலா?" என்று அம்மா போன வருடம் கேட்டார். இரண்டும் இல்லை என்றதும், "அப்புறம் எதுக்குடி ஏரோப்ளேன் ஏறிப் போற?" என்றார். அதற்கான பதில் இங்கே வந்த முதல் வாரத்திலேயே கிடைத்துவிட்டது. வகுப்பில் எல்லோரும் வட்டமாக உட்காருகிறார்கள். ஃபியோனா என்ற எங்கள் ஆசிரியரை ஃபியோனா என்றே கூப்பிடுகிறார்கள். அவர் ஒன்று சொன்னால், "எனக்கு அப்படித் தோன்றவில்லை" என்கிறார்கள். அவரும், "ஆகா, ஏன்?" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். ஏற்காட்டுப் பள்ளியில் இதையே செய்ததற்கு என்னை அதிகப்பிரசங்கி என்று வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். இங்கே அதற்கு மார்க் போடுகிறார்கள்! வாய் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது எவ்வளவு உண்மை. அந்த முதல் வாரம் முழுக்க எனக்குச் சரியாகத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு குஷி.

ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது எங்கள் மலைப் பெண்களைத்தான். பஸ் பிடித்துச் சேலத்துக்கு இறங்கி டிகிரி முடிக்கிற பெண்கள், முடித்ததும் மறுபடி மலையேறி வீட்டோடு நின்றுவிடுகிறார்களே, அது ஏன்? என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் அப்படித்தான். ஆளை நேரில் பார்த்துப் பேசி அறிய வேண்டும். ஆனால் மனிதர்களிடம் கேள்வி கேட்பதற்கு முன் இங்கே எதிக்ஸ் கமிட்டி என்று ஒன்று இருக்கிறது. அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் ஊருக்குள் கால் வைக்கலாம். அவர்கள் வைத்த நிபந்தனைகளை நான் ஒரு வாரம் உட்கார்ந்து நல்ல தமிழில் எழுதி மனப்பாடம் செய்தேன். 'இது ஆராய்ச்சிக்காக மட்டும். உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால் தாராளமாகச் சொல்லிவிடலாம், நாங்கள் மனதில் வைத்துக்கொள்ள மாட்டோம். பேசியது எதுவும் வெளியே போகாது. உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது. முடிந்தால் பெண்ணிடம் கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும்.' படித்துப் பார்த்தபோது எனக்கே கண் நிறைந்தது. எவ்வளவு கண்ணியமான வாசகம்!

ஜூன் மழையில் ஊர் வந்து சேர்ந்தேன். என் தம்பி பிரபு ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் சூப்பர்வைசர். டிப்ளமோ படித்தவன். அவன்தான் தன் பைக்கில் என்னை ஊர் ஊராகக் கூட்டிப்போனான். கொட்டச்சேட்டிலும் எங்கள் வாழவந்தியிலும் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பெண்களோடு பேசினேன். காப்பிச் செடிக்கு நடுவே, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர்கள் பேசப்பேச எனக்குக் குறிப்பெடுத்து மாளவில்லை. கடைசி ஊர் தலைச்சோலை. அங்கே சின்னசாமி அண்ணன் என்பவரின் மகள் பூங்கொடி டிகிரி முடித்திருக்கிறாள், இன்னும் கல்யாணமாகவில்லை என்று கேள்விப்பட்டுப் போனேன். சொந்தக் காப்பித் தோட்டமும் கொஞ்சம் மிளகும் உள்ள வீடு. பிரபு வாசலில் பைக்கை நிறுத்தி, கண்ணாடியில் பார்த்துத் தலை வாரிக்கொண்டு நின்றான். அவன் எங்கே நின்றாலும் அதைத்தான் செய்வான்.

நான் என் கண்ணிய வாசகத்தை ஒரு சொல் விடாமல் சொன்னேன். சின்னசாமி அண்ணனும் அவர் மனைவி செல்வி அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதுக்கென்னங்க கண்ணு, நொம்ப நல்லாப் பேசறீங்க. ஆராய்ச்சிதானுங்களே, தாராளமாப் பேசுங்க" என்றார் அண்ணன். அக்கா உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் நெய் வாசனை வந்தது. பூங்கொடி பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தபோது, பேச்சைப் பதிவு செய்வேன் என்றதும் பெண் ஆசையாக உடுத்திக்கொண்டாள் என்று நினைத்தேன். என்ன படித்தாய், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், சமைப்பது யார், வெளியூர் போய் வாழ விருப்பமா என்று என் கேள்விகளைக் கேட்டேன். குனிந்த தலையோடு ஆரம்பித்தவள், படிப்புப் பேச்சு வந்ததும் நிமிர்ந்துவிட்டாள். கோயமுத்தூரில் ஒரு காலேஜில் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைக்கு சீட் கிடைத்திருக்கிறதாம். "அப்பா மொதல்ல முடியாதுன்னாருங்க. நான் விடலீங்க. இப்பச் சரின்னுட்டாரு. வர்ற திங்கக்கெழம சேரோணுங்க. இல்லீன்னா சீட்டு போயிருமுங்க" என்றாள். சொல்லும்போதே அவள் கால் தரையில் நிற்கவில்லை. என் முதல் வாரத்து முகத்தை நான் அவளிடம் பார்த்தேன். கேசரியும் பஜ்ஜியும் காப்பியும் வந்தன. வாசலில் நின்ற பிரபுவுக்குத் தனித் தட்டே போனது, அதில் முந்திரி அதிகம். அன்றைக்கு என் குறிப்பில் 'தலைச்சோலையில் விருந்தோம்பல் மிகவும் சிறப்பு' என்று எழுதினேன். என் அறிவை என்னவென்று சொல்வது!

சனிக்கிழமை காலை அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தார். முகமெல்லாம் பல். "ஏன்டி, பெத்தவ நான் ஒருத்தி ஊட்ல இருக்கறேன். எங்கிட்டக்கூடச் சொல்லாம தம்பிக்குப் பொண்ணு பாத்துட்டியா? தலைச்சோலையிலிருந்து ஜாதகம் கேட்டு ஆள் வந்துட்டுப் போறாங்க." பூங்கொடி வீட்டிலிருந்தா என்று எழுந்தேன். அம்மா தொடர்ந்தார். "நல்ல எடந்தான். அந்தப் புள்ள கோயமுத்தூருல மேல படிக்கப் போறதா இருந்துச்சாம். எடம் அமைஞ்சிருச்சு, இனிப் படிப்பு எதுக்குன்னு நிறுத்திப்போட்டாங்களாம்."

எங்கள் பக்கம் பெண் பார்ப்பது இரண்டு தரம் நடக்கும். தட்டோடு ஊரறிய வருவது இரண்டாவது. அதற்கு முன்னால் மாப்பிள்ளையின் அக்காவோ அத்தையோ வேறு ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வருவார்கள். மிளகு விலை கேட்க வந்தோம், இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தோம். விருப்பம் இல்லையென்றால் சொல்லிவிடலாம், மனதில் வைத்துக்கொள்ள மாட்டோம், விஷயம் வெளியே போகாது என்பார்கள். பெண் வீட்டாரும் ஒன்றும் தெரியாதவர்கள் போல் நெய்யை ஊற்றிக் கேசரி கிண்டுவார்கள். எதிக்ஸ் கமிட்டிக்காக நான் எழுதி வைத்தது அச்சு அசலாக அந்தப் பேச்சுதான். வெளிநாட்டில் படிக்கிற அக்கா, வாசலில் தலைவாரிக்கொண்டு நிற்கும் தம்பி, பெண்ணோடு தனியாகப் பேச்சு. யாராக இருந்தாலும் வேறு என்ன நினைப்பார்கள்? பள்ளி நாளிலிருந்து ஹாஸ்டலிலேயே வளர்ந்த எனக்குத்தான் மண்டையில் உறைக்கவில்லை.

ஃபியோனாவை வீடியோவில் கூப்பிட்டுக் கொட்டினேன். நான் பேட்டி எடுத்த பெண்ணைக் கல்யாணப் பெண் என்று நினைத்துவிட்டார்கள், இப்போது என்ன செய்வது என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "நீ பாதுகாப்பாக இருக்கிறாயா? யாராவது உன்னைக் கட்டாயப்படுத்துகிறார்களா?" என்று கேட்டார். கட்டாயம் எனக்கு இல்லை, என் தம்பிக்குக்கூட இல்லை, எல்லோரும் மிகவும் சந்தோஷமாக இருக்கிறார்கள், அதுதான் பிரச்சினை என்றேன். நெடுநேரம் விளக்கிய பிறகு, "அப்படியானால் அந்தப் பேட்டியை விட்டுவிடு" என்றார். பேட்டியை விட்டுவிடலாம். பூங்கொடியின் திங்கட்கிழமையை எப்படி விடுவது? பெண்கள் ஏன் படிப்பை நிறுத்துகிறார்கள் என்று ஆராயப் போனவள் நான், ஒரு பெண்ணின் படிப்பை நானே நிறுத்தியிருந்தேன்.

அன்றைக்கே பிரபுவை இழுத்துக்கொண்டு தலைச்சோலைக்கு ஓடினேன். சின்னசாமி அண்ணனிடம், நான் வந்தது நிஜமாகவே படிப்புக்காகத்தான், சம்பந்தம் பேச இல்லை என்றேன். அவர் ஒரு கண்ணைச் சிமிட்டாத குறை. "தெரியுமுங்க கண்ணு. ஆராய்ச்சிதானுங்க. நாங்க யாருகிட்டயும் மூச்சு உடமாட்டோம்" என்றார். மறுக்க மறுக்க அவருக்கு நம்பிக்கை கூடியது. எங்களுக்குப் பெண் வேண்டாம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள் என்ற பேச்சு அந்தப் பெண்ணின் பின்னாலேயே திரியும்.

பூங்கொடி என்னைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போனாள். அழுது வீங்கிய கண். ஆனால் அழுகை முடிந்து யோசனைக்கு வந்திருந்தாள். "அக்கா, நீங்க வேண்டாம்னாத்தான் எனக்கு அசிங்கமுங்க. நான் வேண்டாம்னா அசிங்கம் இல்லீங்க. உங்க தம்பிய நான் வேண்டாம்னு சொல்லிக்கட்டுங்களா?" என்றாள். எனக்கு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போல் இருந்தது. ஆனாலும் ஆய்வாளர் இல்லையா, சம்பந்தப்பட்டவரிடம் ஒப்புதல் வாங்க வேண்டுமே. பைக்கருகே நின்ற பிரபுவிடம் போய் விஷயத்தை விளக்கினேன். அவன் கையிலிருந்த சீப்பைச் சட்டைப் பைக்குள் வைத்தான். "எங்கிட்டக் கேக்காமயே பொண்ணு பாத்தீங்க. இப்பக் கேட்டுக்கிட்டு வேண்டாங்கறீங்க. நல்ல நாயமுங்க்கா. சரி, சொல்லிக்கச் சொல்லுங்க" என்றான்.

பூங்கொடி உள்ளே போய், பெரியவர்கள் முன்னால் நின்று, நடுங்காத குரலில் சொன்னாள். "அப்பா, எனக்கு இந்த மாப்ள வேண்டாமுங்க."

செல்வி அக்கா தலையில் கை வைத்தார். அண்ணன், "ஏஞ்சாமி, என்ன கொறை?" என்றார்.

"கொறையெல்லாம் இல்லீங்க. அவரு டிப்ளமோவோட நின்னுட்டாருங்க. நான் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கப் போறவ. எனக்கும் மேல படிச்சவரா ரெண்டு வருசங் கழிச்சுப் பாருங்கப்பா."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வருத்தமாக இருப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன், சிரிப்பை அடக்க வேறு வழி இல்லை. அவர் முகத்தில் முதலில் சங்கடம் தெரிந்தது. பிறகு மெல்ல மெல்ல ஒரு பெருமை ஏறியது. வெளிநாட்டில் படிக்கிற வீட்டுச் சம்பந்தத்தைத் தன் மகள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்! "மன்னிச்சுக்கோணுங்க கண்ணு. எம்புள்ள படிச்ச புள்ள, அது பிரியப்படாததை நான் எப்படிங்க செய்யறது?" என்றார். அடுத்த நாள் காலைக்குள் இது எங்கள் ஊர் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. சொன்ன சொல்லுக்கு அவர் இனி மகளைப் படிக்க வைத்தே ஆக வேண்டும். பிரபு மட்டும் வழியெல்லாம், "கொறை இல்லேன்னு சொல்லுச்சுல்ல? அது நெசமாத்தானே?" என்று கேட்டுக்கொண்டே பைக் ஓட்டினான்.

திங்கட்கிழமை காலைப் பஸ்ஸில் பூங்கொடி கோயமுத்தூருக்குக் கிளம்பினாள். அதே பஸ்ஸில் நானும் டண்டீக்குக் கிளம்பினேன். அவளுடைய டிரங்குப் பெட்டியைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு அண்ணன் முன்னால் உட்கார்ந்திருந்தார். நாங்கள் இருவரும் ஜன்னலோரம். அவள் வாய் ஓயவில்லை. ஹாஸ்டலில் என்ன சோறு, வட்டமாக உட்கார வைப்பார்களா, வாத்தியாரை எதிர்த்துப் பேசலாமா. எனக்கும் உற்சாகம் தாங்கவில்லை, அவளைவிடச் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தேன். மலையிறக்கம் ஆரம்பித்ததும் அவள் கொஞ்சம் அடங்கினாள். பிறகு திரும்பிக் கேட்டாள்.

"அக்கா, படிச்சுப்போட்டு ஏன் திரும்பி வந்தீங்கன்னு எல்லாரையும் கேட்டீங்களே. நீங்க ஏனுங்க்கா திரும்பி வரலே?"

அவள் குத்திக் கேட்கவில்லை. தனக்கு ஒரு பதில் வேண்டும் என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். அங்கே வட்டமாக உட்கார்ந்திருக்கும் வகுப்பு ஞாபகம் வந்தது, எனக்கு அது பிடித்திருந்தது. நேற்று மழையில் அம்மா அடுப்புக்கு மேலே காயப்போட்ட என் துணி ஞாபகம் வந்தது, அதுவும் பிடித்திருந்தது. "தெரியலடி" என்றேன். ஏற்காட்டுச் சாலையில் இறங்குகிறவர்களுக்குத் தெரியும், கொண்டை ஊசி வளைவில் பஸ் அப்படியே திரும்பிவிடும். பின்னால் விட்டு வந்த மலை இடது ஜன்னலில் வந்து நிற்கும். அடுத்த வளைவில் அது போய், கீழே வெயிலில் காயும் சேலம் அதே ஜன்னலில் தெரியும். அதற்கடுத்த வளைவில் மறுபடி மலை. நாங்கள் இருவரும் அந்த ஒரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இறங்கினோம்.