தூறலுக்கு ஒரு தம்பி

மகளுக்குத் தூறல் என்று பெயர் வைத்தது நான்தான். பழியை வேறு யார் மேலும் போட முடியாது. நான் கன்னிவாடியில் பிறந்து வளர்ந்தவள். அங்கே வானம் நாலு சொட்டு விட்டால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் கோபமே வராது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து கொடைக்கானல் மலைமேல் இருக்கும் போளூருக்கு வாக்கப்பட்டு வந்தேன். கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்த காலையில் சன்னலுக்கு வெளியே மெல்லத் தூறிக்கொண்டிருந்தது. எனக்கு வேறு என்ன பெயர் தோன்றும்? "நல்லாத்தான் இருக்கு" என்றார் கணவர். மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏன் சொல்லவில்லை என்பது பின்னால்தான் எனக்குப் புரிந்தது.

போளூரில் எங்களுக்குப் பூண்டுதான் சோறு போடுகிறது. பிடுங்கிய பூண்டைத் தாளும் தழையுமாகப் பரப்பிக் காயப்போட்டிருக்கும் நாட்களில் ஒரு தூறல் விழுந்தால் போதும், தோல் கறுத்துவிடும். வியாபாரி கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மூஞ்சியைச் சுளிப்பார். அதனால் அந்த நாட்களில் தெரு முழுக்க ஒரே வசவுதான். பாழாப்போன தூறல், நாசமாப் போற தூறல், சனியன் புடிச்ச தூறல். மழைக்கு ஏங்கி வளர்ந்த மடச்சிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

மகளுக்கு மூன்று வயது இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் வானத்தைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினாள். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை ஓடி வந்து என் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. "நான் ஒண்ணுமே செய்யலம்மா" என்றது. எனக்குச் சுருக்கென்றது.

பள்ளிக்கூடம் போன பிறகு இன்னும் மோசம். பூண்டுக் காலத்தில் இவள் வகுப்புக்குள் நுழைந்தால் "தூறல் வந்துருச்சு, தார்ப்பாய எடு" என்று பிள்ளைகள் கத்துவார்களாம். ஒருநாள் நானே போய்ப் பள்ளிக்கூட வாசலில் நின்று அத்தனை பேரையும் ஒரு பிடி பிடித்தேன். மறுநாளிலிருந்து மெதுவான குரலில் கத்தினார்கள், அவ்வளவுதான். பெயரை மாற்றிவிடலாமா என்று மகளிடமே கேட்டேன். "அது என் பேராச்சே, எதுக்கு மாத்தணும்?" என்றாள். வீம்பில் என்னையே கொண்டிருக்கிறாள்.

ஏழு வருடம் கழித்து மகன் பிறந்தான். அவன் வயிற்றில் வருவதற்கு முன்பே மாமனார் பழனிக்கு நடந்து போய், பேரன் பிறந்தால் உன் பேரைத்தான் வைப்பேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டு வந்திருந்தார். எனக்கும் அதில் வருத்தமில்லை. பெயர் விஷயத்தில் நான் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது என்று நினைத்தேன். அப்போதுதான் மகள் தொட்டிலை ஆட்டிக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, தம்பிக்காவது நல்ல பேரா வைங்க."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கடைக்குப் போனால் தீப்பெட்டி வாங்கிட்டு வாங்க என்பதைப்போலச் சொன்னாள். தம்பிக்கு ஊர் மெச்சும் பெயரும் இவளுக்கு ஊர் திட்டும் பெயருமாக அமைந்துவிட்டால், அம்மா முதல் பிள்ளையிடம் செய்த தப்பை இரண்டாவது பிள்ளையிடம் திருத்திக்கொண்டாள் என்றுதான் ஆயுசுக்கும் நினைப்பாள். அவள் பெயருக்குப் பக்கத்தில் கூசாமல் நிற்கிற மாதிரி ஒரு பெயர் வேண்டும் எனக்கு.

கணவரிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெயில்னு வச்சிருவோமா? அக்கா தூறல், தம்பி வெயில். ஊரே வாய் நெறையக் கூப்பிடும்" என்றார்.

"ஆமா. அவன் வந்தா எல்லாரும் கும்பிடுவாங்க, இவ வந்தா எப்படா போவான்னு பாப்பாங்க. நல்லா யோசிச்சீங்க போங்க."

மனிதர் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. நானும் கைபேசியில் தேடித் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம். ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டாலும் மாமனாரிடம் யார் போய்ச் சொல்வது? அவர் சாமிக்குக் கொடுத்த சொல். நான் மருமகள். முப்பதாம் நாளும் வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் முப்பதாம் நாள் அத்தைக்காரிதான் பிள்ளையின் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். நாத்தனார் பழனியிலிருந்து வெள்ளனே கிளம்பி வந்துவிட்டாள். சமையல் நடந்துகொண்டிருந்தது. களத்தில் பூண்டு காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டித் தொட்டிலில் போடப் போகிற நேரம் பார்த்து வானம் இருண்டு பொசுபொசுவென்று தூற ஆரம்பித்தது.

"ஏலே, வெரசா வாங்கடா, சனியன் புடிச்ச தூறலு வந்துருச்சு" என்று கத்திக்கொண்டே மாமனார் களத்துக்கு ஓடினார். நானும் வாசலுக்கு வந்து பார்த்தேன். அவருக்கு முன்னாலேயே மகள் அங்கே நின்றாள். புதுப் பாவாடையெல்லாம் சேறு. தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துப் பாதி தூரம் இழுத்துவிட்டிருந்தாள்.

"மூடிட்டேன் தாத்தா. பூண்டு நனையல" என்றாள்.

மாமனார் அப்படியே நின்றுவிட்டார். பிறகு மறு முனையைப் பிடித்து மெதுவாக இழுத்துக் கல் வைத்தார். வீட்டுக்குள் வந்து, தலையைக் கூடத் துவட்டாமல் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாத்தனார் பிள்ளையின் காதருகே குனிந்தபோது, "இரு தாயி, இந்த ஒரு தடவ நான் சொல்லிக்கிறேன்" என்று தடுத்தார். அவரே குனிந்து மூன்று முறை சொன்னார். எல்லோருக்கும் கேட்டது.

கொண்டல், கொண்டல், கொண்டல்.

கொண்டல் என்றால் மழைக்காலத்தில் கிழக்கேயிருந்து வரும் காற்று. அது அடித்தால்தான் எங்கள் பக்கம் தூறலே பிடிக்கும். கணவர்தான் இழுத்தார், "அப்பா, வேண்டுதல் இருக்கே..."

"அது எனக்கும் அவனுக்கும் உள்ள சோலி. என் முடியக் குடுத்துத் தீத்துக்கிறேன். நீ போய் எலையப் போடு" என்றார். எண்ணெய் தேய்த்து வாரிய தன் வெள்ளை முடிமேல் அவருக்கு எவ்வளவு பெருமை என்று எங்களுக்குத் தெரியும். பிறகு மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். "தூறலக் கூட்டிட்டு வர்றவனே கொண்டல்தான், ஆத்தா. திட்டுறவுக மொதல்ல அவனத் திட்டட்டும். எனக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

அவள் தம்பியின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே சிரித்தாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரிக்கிற சாக்கில் நன்றாக அழுதேன். எத்தனையோ வருடமாக நெஞ்சில் கிடந்த கல் அன்றைக்குத்தான் இறங்கியது.

இப்போது கொண்டலுக்கு ஒன்றரை வயது. போன பூண்டுக் காலத்தில் தூறல் பிடித்தபோது பக்கத்து வீட்டு அக்கா வழக்கம்போல வாசலுக்கு வந்து ஆரம்பித்தாள். மகள் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள்.

"பெரியம்மா, நான் தானா வரல. கூட்டிட்டு வந்தவன் இந்தா இருக்கான். இவனத் திட்டுங்க."

அந்த அக்கா சிரித்துவிட்டு அவன் கன்னத்தைக் கிள்ளினாள். களத்துப் பக்கமிருந்து மாமனாரின் குரல் "சனி..." என்று கிளம்பிப் பாதியில் நின்றது. பிறகு தார்ப்பாய் இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.