பாதியில் நின்ற பந்து

ஆனி மாதக் கடைசிச் சனிக்கிழமை, குன்னூர் பேருந்தில் என் பக்கத்தில் ஒரு கால்பந்து நடுக்கள ஆட்டக்காரி உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயது, ஒல்லி, முழங்காலில் காய்ந்த செம்மண். கோவையில் அணித் தேர்வு முடிந்து, முடிவுக்காகக் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்படிம்மா ஆடுன?”

“மானம் போச்சுங்க. எங்க எஸ்டேட் கிரவுண்டு சரிவு. பந்து தேயிலைக்குள்ள போனா உதைச்சவங்கதான் எறங்கி எடுக்கோணும். அதனால மெதுவாத் தட்டியே பழக்கம். அங்க சமதளத்துல பந்து பாதியிலயே நின்னுருச்சு.”

“அப்புறம்?”

“நின்ன பந்தையெல்லாம் நானே ஓடிப்போயி மறுபடி தட்டுனேனுங்க. கடைசி வரைக்கும்.”

பர்லியார் தாண்டியதும் அழைப்பு வந்தது. தேர்வாகிவிட்டாள்.

“எதுக்காக எடுத்தாங்களாம்?”

“கேக்கலைங்க. கேட்டு, மறுபடி யோசிச்சுப் பார்த்தாங்கன்னா?”

குன்னூர் வரும்வரை நிம்மதியாகத் தூங்கினாள். காரணத்தை நான்தான் இன்னும் யோசிக்கிறேன்.