எண்ணாமல் விட்ட சனிக்கிழமை

அறுபதுகளில் போர்ட் பிளேரில் நான் ரத்தம் பார்க்கிற ஆளாக இருந்தேன். பெயர்தான் ஆய்வுக்கூடம், உள்ளே ஒரு ஜன்னல், ஒரு மைக்ராஸ்கோப், நான். பெரார்கஞ்ச் பக்கத்துக் குடியேற்றங்களிலிருந்து மலேரியா சோதனைக் கண்ணாடிகள் செய்தித்தாளில் சுற்றிக் கட்டுக் கட்டாக வரும். ஒரு கட்டை முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். சாயங்காலம் டெலானிபூர் குவார்ட்டர்ஸுக்கு மேடு ஏறும்போது கண்ணுக்குள் ஊதாப் புள்ளிகள் மிதக்கும். வீட்டில் யாராவது எதையாவது காட்டி, "இதைப் பாருங்க" என்றாலே எரிச்சல் வரும்.

இதற்கு நடுவில் வந்து சேர்ந்தது அந்தக் குழந்தையின் ரத்தம். ஜங்லிகாட்டில் மீன் பிடிக்கிற தூத்துக்குடிக் குடும்பம். ஒன்பது வயதுப் பெண். ரத்தப் புற்றுநோய். கப்பலேறி மெயின்லேண்ட் போய், சென்னையில் அந்த நோயை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு டாக்டரிடம் காட்டி, மாத்திரையோடு திரும்பியிருந்தார்கள். அந்த மாத்திரை கெட்ட அணுக்களைக் கொல்லும். நல்ல வெள்ளணுக்களையும் சேர்த்துக் கொல்லும். அவை ரொம்பக் குறைந்துவிட்டால் சாதாரணக் காய்ச்சலே பிள்ளையைக் கொண்டுபோய்விடும். ஆகவே சனிக்கிழமைதோறும் நான் வெள்ளணுக்களை எண்ணித் தந்தி அடிக்க வேண்டும். முழு மாத்திரையா, பாதியா, நிறுத்துவதா என்று அவர் பதில் தந்தி அடிப்பார். எண்ணிக்கை சரியாக வந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்கு எழுதியிருந்தார்.

அம்மாக்காரி ஓலைப்பெட்டியில் மீனோடு சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுவாள். "ரத்தம் டீக்கா அண்ணாச்சி? தவாய் முழுசா குடுக்கணுமா, பாதியா?" என்று, ரத்தம் சரியா, மருந்து எவ்வளவு என்பதை ஊர் இந்தி கலந்து கேட்பாள். தந்தி வரட்டும் என்பேன்.

ஐந்து வாரம் எண்ணிக்கை அதிகம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. குழந்தையின் கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியது. ஆறாவது சனிக்கிழமை மழை. அந்த மைக்ராஸ்கோப்புக்கு விளக்குக் கிடையாது. அடியில் இருக்கும் கண்ணாடியைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும். வானமோ ஒரு வாரமாக அடைத்துக் கிடந்தது. காலையிலிருந்து மலேரியா பார்த்துக் கழுத்து மரத்துவிட்டது. குழந்தையின் ரத்தத்தை வைத்துக் குனிந்தபோது இருந்த வெளிச்சமும் போய், அணுக்களை எண்ணுவதற்காகக் கண்ணாடியில் கீறியிருக்கும் கட்டங்களே தெரியவில்லை. தந்தி ஆபீஸ் மூடுகிற நேரம். ஐந்து வாரமாக மாறாதது இன்றைக்கா மாறப்போகிறது என்று போன வார எண்ணையே எழுதி அனுப்பினேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் சறுக்கவில்லை, நடக்கச் சோம்பல்பட்டு உட்கார்ந்துவிட்டேன்.

முழு மாத்திரை தொடரவும் என்று பதில் வந்தது. அதை அம்மாக்காரியிடம் சொன்னதும் நான்தான்.

அடுத்த சனிக்கிழமை வெயில் அடித்தது. கட்டங்கள் பளிச்சென்று தெரிந்தன. அவற்றில் அணுக்கள்தான் இல்லை. மூன்று முறை எண்ணினேன். மாத்திரையை நிறுத்தச் சொல்லித் தந்தி வருவதற்குள் குழந்தைக்கு வாயெல்லாம் புண், காய்ச்சல். வார்டில் சேர்த்துப் பென்சிலின் போட்டார்கள். ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

சில மாதங்கள் கழித்துக் கப்பல் தபாலில் டாக்டரின் கட்டுரை வந்தது. எனக்கு நன்றி சொல்லி ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது. உள்ளே அந்தக் குழந்தையின் வரைபடம்: ஆறு புள்ளிகள் ஏறக்குறைய நேராக ஓடி, ஏழாவது செங்குத்தாக விழுந்திருந்தது. சிலருக்கு ஒரே வாரத்தில் அணுக்கள் இப்படிச் சரியக்கூடும், காரணம் விளங்கவில்லை என்று எழுதியிருந்தார். பாவம், அதைப் பற்றி எத்தனை நாள் யோசித்தாரோ. அதை நம்பி எந்த ஊரில் எந்த டாக்டர் என்ன செய்தாரோ. காரணம் நான்தான் என்று எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். பயந்தாங்கொள்ளி, எழுதவில்லை.

அம்மாக்காரி மட்டும் வருவதை நிறுத்தவில்லை. மகள் போன பிறகும் சனிக்கிழமையானால் மீனைக் கொண்டுவந்து மேஜை ஓரத்தில் வைப்பாள். இனிமேல் வேண்டாம் தாயி என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. ஒரு வாரங்கூட விடாம எம்புள்ள ரத்தத்த எண்ணிப் பாத்தது நீங்கதான். சொந்தக்காரங்ககூட அப்படிப் பாக்கல."

ஏன் வேண்டாம் என்று சொல்வதானால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். மீனை வாங்கிக்கொண்டேன்.