பலாக்கட்டை காயும்வரை

அக்காவைப் பற்றி எழுத என்னைவிடப் படித்தவர்கள் நம் குடும்பத்தில் இருக்கிறார்கள். ஆனால் கடைசி மாதங்களில் பக்கத்தில் இருந்தவன் நீதான், நீயே எழுது என்று அத்தான் சொல்லிவிட்டார்.

அக்கா டத்தோ கிராமாட்டில் ஒரு பலகை வீட்டில் பிறந்தார். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா சீக்கிரமே போய்விட்டார். பிறகு எனக்குச் சோறு போட்டதும் பள்ளிக்கூடம் அனுப்பியதும் அக்காதான். பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை. பாதியில் விட்டுவிட்டு மீன்பிடிப் படகு, தோட்ட வேலை, லாரி என்று ஊர் ஊராகப் போனேன். பட்டினியும் இருந்தது, காய்ச்சலும் இருந்தது. எங்கே படுத்தாலும் அக்கா வீட்டு அடுப்படிச் சத்தம் காதில் கேட்கும்.

அத்தானுக்குப் பட்டறை. பழைய மரமறுக்கும் வாளை வெட்டிக் கத்தி செய்வார். கைப்பிடி அக்காவின் வேலை. கத்தி கேட்டு வருகிறவர்களிடம் அக்கா முதலில் துணி சுற்றிய குச்சி ஒன்றைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்வார். விரல் நுனி உள்ளங்கையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்வரை துணியைக் கூட்டுவார், குறைப்பார். அதுதான் அளவு. மரம் எது என்ற பேச்சே அதற்குப் பிறகுதான். சூலியா தெருவில் சோற்றுக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் எருமைக் கொம்பில்தான் பிடி வேண்டும் என்று நின்றார்.

“கொம்பு பளபளன்னு அழகா இருக்கும் லா, அக்கா.”

“அழகு பார்க்கவா கோழி வெட்டுறீங்க, பாய்? உங்களுக்கு வேர்க்குற கை. கொம்பு வழுக்கும். புளியங்கட்டை போடுறேன்.”

“போடுங்க, போடுங்க. விரல் இருந்தாத்தான் கல்லாவுல உட்கார முடியும்.”

அந்தக் கத்தி இன்றும் அவர் கடையில் ஓடுகிறது.

அக்காவின் சொந்தச் சமையல் கத்தி மாமியார் ஆண்டது. செங்கால் மரப் பிடி, கல் போலக் கனம், அக்காவின் கைக்குப் பெரியது. “அத்தை பிடிச்சது, அதைச் சீவ மாட்டேன்” என்று அப்படியே வைத்து ஆண்டார். சிறுநீரகம் கெட்டு, இரத்தம் சுத்திகரிக்கப் போய்வர ஆரம்பித்த பிறகு அதைத் தூக்க முடியவில்லை. கடையில் வாங்கிய கத்தியின் பிளாஸ்டிக் பிடி ஈரத்தில் நழுவியது. உறவினர்கள் அன்போடு சமைத்துக் கொண்டுவந்தார்கள். அக்கா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளுவார்.

அப்போது நான் கெடாவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். போனில் அழைத்தார்.

“எனக்கு ஒரு பலாக்கட்டை கிடைக்குமாடா? இலேசா இருக்கும், தண்ணி பட்டாலும் தாங்கும். என் கையால வெங்காயம் நறுக்கி ஒரு நாள் குழம்பு வைக்கணும்.”

அக்கா என்னிடம் எதுவும் கேட்டதில்லை. காற்றில் சாய்ந்த பலாமரம் ஒன்றை ஒரு பழத்தோட்டத்தில் அறுத்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சளாக வயிரம் பாய்ந்த ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, வேலையையும் விட்டுவிட்டு வந்தேன். அக்கா முகர்ந்து பார்த்தார். நகத்தால் கீறினார். ஈரம் கசிந்தது.

“பச்சை மரத்தைக் கொண்டாந்திருக்கான் பாருங்க. பழத்தைக் கொண்டாந்திருந்தா தின்னாவது இருப்போம்.”

“மைக்ரோவேவ்ல வச்சுக் காய வச்சிடலாமா?” என்றார் அத்தான்.

“வெடிச்சிடும். ஈரத்தோட பிடி போட்டா மரம் சுருங்கி ஆணி மேல வந்து கையைக் கிழிக்கும். இத்தனை வருஷம் என்னத்தைப் பார்த்தீங்க?”

பிறகு என்னிடம், “காயிற வரைக்கும் இருப்பியா?” என்றார்.

இருக்கிறேன் என்றேன்.

பிடிக்கு வேண்டியதைவிடத் தடிப்பாக இரண்டு பலகையாக அறுத்தோம். வெட்டுமுனைகளில் ஈரம் வேகமாகப் போனால் மரம் பிளக்கும் என்பதால் மெழுகுவர்த்தியை உருக்கிப் பூசினேன். வெயில் படாத, காற்று வருகிற இடமாகப் பார்த்து வைத்தோம். வாரத்துக்கு ஒரு முறை சமையல் தராசில் போட்டு, எடையைக் கட்டையிலேயே பென்சிலால் எழுதினோம். எடை குறைவது நின்றால் மரம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். நான் தராசைக் கட்டிலுக்குக் கொண்டுபோவேன். முள் இறங்கியிருந்தால் அக்காவின் முகம் தெளியும். அத்தான் மெல்லிய கத்தி ஒன்றைத் தயாராக வைத்திருந்தார். கையை அளக்க நான் துணிக்குச்சியை எடுத்தபோது அக்கா தடுத்தார்.

“வீக்கம் வத்தட்டும்டா. இது என் கை இல்ல.”

வீக்கம் வற்றவில்லை. அக்கா கண்மூடிய வாரத்திலும் கட்டையின் எடை குறைந்துகொண்டுதான் இருந்தது.

காரியம் முடிந்தது. நான் கிளம்பவில்லை. அத்தான் ஏன் என்று கேட்கவும் இல்லை. வாரா வாரம் கட்டையை எடை போட்டேன். வேலைக்கு அழைத்தவர்களிடம் பிறகு வருகிறேன் என்றேன். போன மாதம் முள் ஒரே இடத்தில் நின்றது. அடுத்த வாரமும் அங்கேயே நின்றது. மெழுகைச் சுரண்டி, பித்தளை ஆணிக்குத் துளை போட்டு, அரத்தைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது.

“எந்த அளவுக்கு அத்தான் ராவுறது?”

அத்தான் வலது கையை நீட்டி, இன்னொரு கையைப் பிடித்திருப்பதுபோல் விரல்களைப் பாதி மூடினார்.

“இவ்வளவுதான் மச்சான், உங்க அக்கா கை.”

அவர் விரலை அசைக்காமல் வைத்திருக்க, உள்ளே இருந்த இடத்தை நூலால் அளந்துகொண்டேன். அந்த அளவுள்ள கைக்கு எவ்வளவு தடிப்பான பிடி பொருந்தும் என்று குச்சியில் துணி சுற்றிப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தோம். அதற்கேற்ப ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசினேன். மஞ்சள் நிறம் இப்போதுதான் மெல்லச் சிவக்கிறது.

சிகிச்சைக்கு அழைத்துப் போய்வந்த உறவுக்காரப் பிள்ளைகளுக்கும், கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், கடையைச் சாத்திவிட்டு இறுதி வரை உடன் நின்ற பாய்க்கும், பாகான் டாலாமிலிருந்து படகேறி வந்த சொந்தங்களுக்கும் எங்கள் நன்றி. அக்கா நினைவாக இன்று போடும் சாப்பாட்டுக்கு வெங்காயம் அந்தக் கத்தியில்தான் நறுக்கினேன். சமையலறையில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். உங்கள் கைக்குச் சிறியதாக இருக்கும்.