தாதாராவ் மாஸ்டாரின் தர்மப் பால்

எங்கள் தெருவில் தலைவலி மாத்திரை போடுகிறவர்கள், அதை வாயில் வைப்பதற்கு முன் தாதாராவ் மாஸ்டாரு வருகிறாரா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வார்கள். அவர் கண்ணில் பட்டுவிட்டால் அட்டையை வாங்கித் திருப்பி, காலாவதித் தேதி, சிவப்புக் கோட்டு எச்சரிக்கை, குளிர்ந்த இடத்தில் வைக்கவும் என்பது வரை சத்தமாக வாசிப்பார். அவர் முடிப்பதற்குள் ஒன்று தலைவலி போய்விடும், இல்லை இன்னொன்று சேர்ந்துகொள்ளும்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் தனியார் கால்நடைப் பாலிடெக்னிக்கில் அவர் மருந்துப் பாடம் எடுக்கிறார். எந்த மருந்தைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, ஊசி போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எழுப்பாவிட்டாலும் சொல்வார். சீட்டில்லாமல் ஊசி மருந்து வாங்க வந்த ஒரு சம்சாரியை நடுக்கடைவீதியில் நிற்க வைத்து அவர் பேசிய பேச்சில், அந்த ஆள் எருமையையே விற்றுவிட்டான் என்று கேள்வி.

"மருந்து மாட்டுக்குள்ள போனதோட கதை முடியலடா. ரத்தத்துல ஓடும், மடியில இறங்கும், கடைசியில உன் காபி டம்ளர்ல வந்து நிக்கும். காய்ச்சினா போயிடும்னு எவனாவது சொன்னா, அவனையும் கொட்டில்ல கட்டு."

இது வருடா வருடம் அவர் சொல்லும் வசனம். பையன்கள் பஸ்ஸில் இதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்கள்.

இன்னொரு குணமும் உண்டு. அவர் வீட்டுக் கறிவேப்பிலை மரத்தில் கொத்து ஒன்று கேட்டால், "பொழுது சாஞ்சப்புறம் மரத்தத் தொடக் கூடாது" என்பார். காலையில் போனால், "இப்பத்தான் எழுந்திருக்கு" என்பார்.

அப்படிப்பட்ட மனிதர், கல்யாண சீசன் தொடங்கிய வாரத்தில் தூக்குவாளியோடு வீடு வீடாகப் பால் கொண்டுவந்து ஊற்றினால் தெரு என்னதான் நினைக்கும்? உடம்புக்கு ஏதோ வந்திருக்கிறது, புண்ணியம் தேடுகிறார் என்று நினைத்தோம். உடம்புக்கு வந்தது உண்மைதான். அவர் உடம்புக்கு அல்ல, அவர் வீட்டு எருமையின் உடம்புக்கு.

எருமைக்கு மடிநோய். டாக்டரை வரவழைத்து, சீட்டு எழுதி வாங்கி, ஊசி போட்டு, மடிக்குள்ளும் மருந்து ஏற்றினார். எல்லாம் சட்டப்படி. சிகிச்சையில் இருக்கும் மாடு என்பதற்கு அடையாளமாகப் பின்னங்காலில் சிவப்பு ரிப்பனும் கட்டினார். அதைத் தெரு திருஷ்டிக் கயிறு என்று எடுத்துக்கொண்டது.

"கறுப்புக் கட்டாம சிவப்புக் கட்டியிருக்கீங்களே அன்னய்யா?" என்று பக்கத்து வீட்டு நாஞ்சாரம்மா கேட்டபோது, "எங்க காலேஜ்ல இப்படித்தான்" என்றார். பொய் இல்லை பாருங்கள்.

இரண்டு நாளில் பால் பழையபடி வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. மருந்து போகவில்லை, அது போக இன்னும் நாள் இருந்தது. பால் சங்கத்தில் ஊற்றினால் சோதனையில் மாட்டும், மானம் போகும். மண்ணில் ஊற்ற மனம் வரவில்லை. தெருவில் ஊற்றினார்.

"விக்கக் கூடாதுன்னுதான் இருக்கு. குடுக்கக் கூடாதுன்னு எங்க இருக்கு?" என்று மனைவி சாயாதேவியிடம் கேட்டாராம்.

"அப்ப நமக்கு மட்டும் எதுக்குப் பாக்கெட் பால் வாங்கிட்டு வந்தீங்க?"

"எனக்கு எருமைப் பால் இப்ப செரிக்கறதில்ல."

தர்மப் பாலில் ஒரே ஒரு குறை. தயிர் உறையவில்லை. ஆனால் அதை எந்தப் பெண் வெளியே சொல்வாள்? பனி என்று நான் நினைத்துக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரி சட்டியை மாற்றினாள். மாமியார் இருக்கும் வீடுகளில் மருமகள் கை சரியில்லை என்றாயிற்று. கமுக்கமாக ஒருத்தி வீட்டில் இன்னொருத்தி உறைமோர் வாங்கிக்கொண்டோம்.

இதற்கிடையில் நாஞ்சாரம்மாவின் மகள் ஹைமாவதிக்கு நிச்சயம் வந்தது. பெண் தாதாராவிடமே இரண்டாம் வருடம் படிப்பவள். மாப்பிள்ளையின் அப்பா அங்கம்மராவ், குடிவாடா பக்கம் ஒரு பால் சங்கத்தின் இயக்குநர். ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார்: "சீர் செனத்தி உங்க இஷ்டம். இலையில கடைசியா விழற தயிர் வீட்டுல உறைஞ்சதா இருக்கணும். வெட்டி எடுத்தா கத்தி நிக்கணும். பாக்கெட்டப் பிரிச்சா எங்க ஆளுங்க எழுந்துருவாங்க."

எங்கள் தெலுங்குப் பக்கத்தில் இலையில் தயிர் விழாத விருந்து, தாலி கட்டாத கல்யாணம். நாஞ்சாரம்மா நிச்சயத்துக்கு முதல் நாளே தாதாராவ் கொடுத்த பால் முழுவதையும் சுண்டக் காய்ச்சி, புதுச் சட்டிகளில் தன் கையாலேயே உறை ஊற்றித் துணி கட்டி வைத்தாள்.

காலையில் துணியை அவிழ்த்தால் பால் பாலாகவே இருந்தது. சட்டியை ஆட்டினால் அலை அடித்தது. இன்னும் உறை ஊற்றினாள், அடுப்போரம் வைத்தாள், வெயிலில் வைத்தாள். அது அசையவில்லை, அதாவது அசைந்துகொண்டே இருந்தது.

"யார் தீட்டோட தொட்டது?" என்று மருமகளைப் பார்த்துக் கத்தினாள். அந்தப் பெண் மூலையில் நின்று அழுதது. "சம்பந்தி கார் வர்ற நேரம். அவங்க எழுந்து போயிட்டா நான் கால்வாய்லதான் விழணும். வதினா, உங்க வீட்டுல நல்ல உறை இருந்தா குடுங்களேன்!" என்று சுவருக்கு மேலாகச் சாயாதேவியை அண்ணி முறையில் கூப்பிட்டாள்.

சாயாதேவி வந்தாள். கையில் ஒரு கிண்ணம். உறைமோர் அல்ல, தயிர். கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினாள், நகரவில்லை.

பாதி ஜடை பின்னிய தலையோடு ஹைமாவதி உள்ளிருந்து வந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள், சட்டிகளைப் பார்த்தாள். வாழை மரம் கட்டுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த தாதாராவைக் கூப்பிட்டாள்.

"மாஸ்டாரு, தெருவுல யார் வீட்டுலயும் உறையல. உங்க வீட்டுல மட்டும் உறைஞ்சிருக்கே?"

"கை வாகு அம்மா. எங்க வீட்டம்மா கை..."

"கையெல்லாம் இல்ல," என்றாள் சாயாதேவி. "எங்க வீட்டுல பாக்கெட் பால்."

ஹைமாவதி மெதுவாக, வகுப்பில் பதில் சொல்கிற மாதிரியே சொன்னாள்: "உறைய வெக்கற கிருமியையே கொல்ற மருந்து பால்ல இருந்தா தயிர் உறையாது. நீங்க போர்டுல எழுதினதுதான். எருமைக் கால்ல சிவப்பு ரிப்பன் எதுக்கு மாஸ்டாரு?"

"நான் யாருக்கும் விக்கலையே அம்மா... காய்ச்சித்தானே குடிக்கறீங்க..."

"அப்ப உங்கள எங்க கட்டறது?"

வாழை மரம் பிடித்திருந்தவன் மரத்தை விட்டுவிட்டுச் சிரித்தான். நாஞ்சாரம்மா சிரிக்கவில்லை. "என் பேரன் நாலு நாளா இந்தப் பாலத்தான் குடிக்கறான், அன்னய்யா. அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தா உங்க புஸ்தகத்த வெச்சு என்ன பண்றது?" என்றாள்.

அவரையே கடைத்தெருவுக்குத் துரத்தினாள். பாக்கெட் தயிர் நிறைந்த வாளியைத் தலையில் சுமந்துகொண்டு அவர் திரும்பியபோது, கார் வந்து நின்றிருந்தது. நாஞ்சாரம்மா எதையும் மறைக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்பே கைகூப்பி, நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

அங்கம்மராவ் முகம் இறுகியது. உறையாத சட்டி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி முகர்ந்தார். "கண்டுபிடிச்சது யாரு?"

"பொண்ணுதான்."

"எங்க சங்கத்துக்கு இப்படிப் பால் வந்தா கேனைத் திருப்பி அனுப்பிருவோம்," என்றார். நாஞ்சாரம்மா கால்வாய்ப் பக்கம் பார்த்தாள். "பொண்ண அனுப்ப முடியாது, எங்களுக்கு வேணும். வாத்தியார எங்க அனுப்பறதுன்னு நீங்க பாத்துக்குங்க. இலை போடுங்க."

சாயாதேவியின் கிண்ணம் அவர் இலைக்குப் போனது. மற்ற எல்லா இலைக்கும் பாக்கெட் தயிர்தான். பரிமாறியவர் தாதாராவ் மாஸ்டாரு. நாஞ்சாரம்மா அவரை விடவில்லை. குனிந்து குனிந்து வரிசை முழுக்க ஊற்றிக்கொண்டு போனார். ஒவ்வொரு இலைக்காரனும் கையை மறித்து, "காலாவதித் தேதி என்ன மாஸ்டாரு?" என்று கேட்டான். ஒவ்வொருவருக்கும் பாக்கெட்டைத் திருப்பி வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று.