நாலாவது ஆள்

எங்கள் எஸ்டேட்டில் மூன்று பேராகச் சேர்ந்து ஒரு காரியத்துக்குக் கிளம்ப மாட்டார்கள். கிளம்பித்தான் ஆக வேண்டும் என்றால் யாராவது ஒருவர் குனிந்து ஒரு கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். அந்தக் கல்தான் நாலாவது ஆள். பெண் பார்க்கப் போனாலும் சரி, பேங்குக்குப் போனாலும் சரி. திரும்பி வந்ததும் கல்லை வாசலிலேயே போட்டுவிடுவார்கள். இதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். தேயிலைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு டீயும் கேக்கும் விற்கிற கடையில் எனக்கு வேலை. நாள் முழுக்க உலகத்து ஆட்களையெல்லாம் பார்க்கிறவள், எனக்கெதற்குக் கல்லும் மண்ணும் என்ற நினைப்பு. வாய்க்கொழுப்பு என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் கியா பார்மிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவர். எலுமிச்சம்பழம் கட்டாமல் ஒரு வளைவு திரும்ப மாட்டார்.

கோலாலம்பூரில் இருக்கிற விண்வெளி மையத்துக்குக் குடும்பத்தோடு ஒரு நாள் போய் வர வேண்டும் என்பது பெரிய மகளின் திட்டம். பள்ளிக்கூடத்தில் யாரோ போய் வந்து கதை அளந்திருக்கிறார்கள். அங்கே வட்டமாக ஒரு கூடம் உண்டாம். நாற்காலியில் சாய்ந்து படுத்தால் கூரை முழுக்க நட்சத்திரம் ஓடுமாம்.

"வானத்தப் பாக்கறதுக்குக் கீழ எறங்கிப் போவணுமாடி? நாமதான் மலை மேலயே இருக்கோமே லா" என்று கேட்டேன்.

அவள் ஜன்னலைத் திறந்து காட்டினாள். ஒரு பக்கம் பனிமூட்டம். எதிர் மலையில் பூத்தோட்டத்துப் பிளாஸ்டிக் கூடாரங்கள். சாமந்தி முந்திக்கொண்டு பூத்துவிடக் கூடாது என்று இருட்டியதும் அங்கே லைட் போட்டுவிடுவார்கள், மலையே மஞ்சளாகத் தெரியும். "பூவுக்கு லைட்டு போட்டா நட்சத்திரம் எப்படிம்மா தெரியும்?" என்றாள். நான் போய்ச் சோற்றைக் கிளறினேன்.

அந்தத் திட்டம் அவள் வாயிலேயே குடியிருந்தது. சட்டி கழுவும்போது சொல்வாள், தலை பின்னிக்கொள்ளும்போது சொல்வாள். விடிவதற்குள் கிளம்ப வேண்டும். தாப்பா வழியாகத்தான் இறங்க வேண்டும். கீழே போனதும் நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், வாங்கிச் சாப்பிட வேண்டும். முன் சீட்டில் அப்பாவோடு அவள், பின்னால் நானும் சின்னவளும். சின்னவளுக்கு வளைவுகளில் வாந்தி வரும், அதற்குப் பிளாஸ்டிக் பை. கூடத்தில் கடைசி வரிசை, அங்கிருந்துதான் முழு வானமும் தெரியுமாம். சின்னவளுக்கு விண்வெளியாவது மண்ணாவது. "அங்க தானா ஓடுற படிக்கட்டு இருக்குமாக்கா?" என்பதுதான் அவள் கவலை. "ராக்கெட்டப் பாக்கப் போனா இது படிக்கட்டுல ஏறணுங்குது" என்று பெரியவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த வருடம் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த பள்ளி விடுமுறைக்குப் போகலாம் என்றோம். அதற்குள் பெரியவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டு போய்விடலாம் என்று எங்கள் காரிலேயே இறங்கினோம். சின்னவளையும் கூப்பிட்டேன். "எனக்கு வாந்தி வரும், நான் வரல" என்று அழுது அடம்பிடித்தாள். அடுத்த வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போனோம். அவர், நான், என் மடியில் அவள். கல்லைப் பற்றி யார் நினைத்தார்கள்? வழி முழுக்க அவள் நெற்றி என் உள்ளங்கையில் கொதித்தது. "அம்மா, இது திட்டத்துல இல்லாத ட்ரிப்பு" என்று சொன்னாள். சிரிக்கக்கூடச் செய்தாள். திரும்பி வரும்போது எங்கள் காரில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அவள் பின்னால் வேறு வண்டியில் வந்தாள்.

அதற்குப் பிறகு சின்னவள் மலையை விட்டு இறங்கவே இல்லை. மலையிலேயே இருக்கிற ரிங்லெட் வரைக்கும் வருவாள். அதைத் தாண்டி என்றால் வயிறு வலிக்கும், தலை வலிக்கும். சாயங்காலம் அப்பா லோரியை எடுத்தால், அந்தச் சத்தம் அடங்கும் வரை வாசலில் நிற்பாள். விடியும்போது அவர் வந்து கதவைத் தட்டினால் முதலில் எழுந்து ஓடுகிறவள் அவள்தான். அந்தப் பிள்ளை சிரித்து விளையாடி ஒரு வருடம் ஆகியிருந்தது. இப்படியே விட்டால் இவளும் கைவிட்டுப் போய்விடுவாள் என்று எனக்குப் பயம் வந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது, "இந்த லீவுல அந்த நட்சத்திரம் பாக்கற எடத்துக்குப் போயிட்டு வந்துருவோம்" என்றேன். அவர் சோற்றைப் பிசைந்தார். பிறகு, "அவ சொன்ன மாதிரியே போவோம்" என்றார். அவளைப் பற்றி அவராகப் பேசியது அன்றுதான். சின்னவள் எழுந்து கை கழுவப் போனாள்.

அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் கல் வர ஆரம்பித்தது.

முதல் கல் என் கடை ஏப்ரனில் இருந்தது. ஒரு வெள்ளைக்காரருக்குச் சில்லறை கொடுக்கப் பையில் கை விட்டேன், புளியங்கொட்டை அளவில் ஒரு கூழாங்கல் வந்தது. அடுத்தது என் வீட்டுக்காரர் காலில் போடுகிற சப்பாத்துக்குள். அப்புறம் பிளாஸ்க் மூடிக்குள். பேய் பிடித்த வீட்டில் கல் விழும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவை விழுந்த கல் இல்லை, யாரோ பதவிசாக வைத்துவிட்டுப் போனது மாதிரி இருந்தன. சின்னவளைக் கேட்டேன், "எனக்குத் தெரியாதும்மா" என்றாள். கடைசியாக, பெரியவளின் ஸ்வெட்டர் பையில் ஒரு கல் கிடைத்தது. அந்த ஸ்வெட்டரை நாங்கள் ஆணியிலிருந்து எடுக்கவே இல்லை. பை காலியாகத்தான் இருந்தது, எனக்குத் தெரியும். தினமும் நான் அதில் கை விட்டுப் பார்ப்பேன். அன்றைக்குக் கை விட்டபோது குளிர்ந்த ஒரு கல் விரலில் தட்டுப்பட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் அது பயம் இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது சந்தோஷம்.

அடுத்த வீட்டு அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் தேயிலை பேக்டரியில் வேலை செய்கிறவர், சட்டென்று பயப்படுகிற ஆள் இல்லை. அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, நீங்க மூணு பேரா கெளம்புறீங்கல்ல? அதான் புள்ள நாலாவது ஆளா வருது. பூசாரியப் போய்ப் பாத்துருலா" என்றார்.

நான் போகவில்லை. பூசாரி அவளை ஓட்டிவிடுவார். வந்த பிள்ளையை எந்தத் தாய் ஓட்டச் சொல்வாள்? ஸ்வெட்டரையும் காரில் எடுத்துப் போவது என்று முடிவு செய்தேன். நாசி லெமாக் பொட்டலம் நாலு வாங்க வேண்டும் என்று மனதில் போட்டுக்கொண்டேன். பாத்திரம் தேய்க்கும்போது, "வாடி, முன் சீட்டு ஒனக்குத்தான்" என்று முணுமுணுத்தேன். ஒரு வருடத்தில் எனக்குப் பசி எடுத்தது அந்த நாட்களில்தான்.

ஒரு நாள் மத்தியானம் பெருமழை, கடைக்கு ஆள் வரவில்லை. சீக்கிரமே வீட்டுக்கு வந்தேன். சின்னவள் நாற்காலி மேல் ஏறி நின்று, பயணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த பையைத் திறந்து, என் துணிக்கு நடுவே ஒரு கல்லைச் செருகிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கண் மண் தெரியாமல் கோபம் வந்தது. இறக்கி நிறுத்தி முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். பொய் சொன்னதற்காக அடித்தேன் என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம். உண்மை அது இல்லை. அவள் அக்காவாக இல்லாததற்காக அடித்தேன்.

அவள் அழவில்லை. "மூணு பேரா போனா ஒருத்தவங்க திரும்பி வர மாட்டாங்களாம்மா" என்றாள். "அக்காவத் தூக்குன அன்னைக்குத் துஷ்டில எல்லாரும் பேசிக்கிட்டாங்க. கல்லு எடுக்காம போயிட்டாங்கன்னு. அதான் எல்லாத்துலயும் வச்சேன். ஒண்ணு விழுந்துட்டாலும் இன்னொண்ணு இருக்கும்."

"அக்கா ஸ்வெட்டர்ல எதுக்குடி வச்ச?"

"அத நீங்க எடுத்துட்டு வருவீங்கன்னு தெரியும்."

பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. "அன்னைக்கு நான் வாந்தி வரும்னு வரல. வந்திருந்தா நாலு பேரும்மா. கல்லே வேண்டியதில்ல."

இந்த ஒரு வருடமும் என் பக்கத்தில் படுத்து, என் கையால் சாப்பிட்டு, இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறது அந்தப் பிள்ளை. நான் ஆணியில் தொங்குகிற ஸ்வெட்டரைத் தடவிக்கொண்டிருந்தேன். அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, "அதெல்லாம் சும்மா பேச்சு. காய்ச்சல்தான்டி அக்காவக் கொண்டு போச்சு. நீ வந்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும்" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அப்ப கல்லு இல்லாம போலாமா?"

வசமாக மாட்டிக்கொண்டேன். இதற்கு ஒரு பதில்தான் உண்டு. "போலாம்" என்றேன்.

அவர் கேட்டுவிட்டுக் குதித்தார். "வெளையாடுறியா நீ? ஒருக்கா பட்டது பத்தாதா?"

"மூணு பேரா போயி மூணு பேராத் திரும்பி வரணுங்க. அத அவ கண்ணால பாக்கணும். இல்லன்னா இந்தப் புள்ள ஆயுசுக்கும் கல்லுப் பொறுக்கிக்கிட்டுத்தான் இருக்கும்."

கார் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "காடிய மெதுவாவே ஓட்டுறேன்" என்றார் கடைசியில்.

கிளம்பும்போது சின்னவளே எல்லாவற்றையும் சோதித்தாள். பைகளைக் கொட்டினாள், சப்பாத்துகளைத் தட்டினாள், கார் மிதியடியைத் தூக்கி உதறினாள். கிடைத்த கற்களையெல்லாம் வாசலில் குவித்தாள். ஸ்வெட்டரை நான் ஆணியிலேயே விட்டுவிட்டேன். அடுத்த வீட்டு அக்கா பொறுக்க முடியாமல் கையில் ஒரு கல்லோடு ஓடி வந்தார். "தங்கச்சி, இந்தா புடி."

"வேணாம்கா. நாங்க மூணு பேருதான்" என்றேன், சின்னவளுக்குக் கேட்கும்படி.

ரிங்லெட் தாண்டியதும் அவள் என் கையை இறுக்கிக்கொண்டாள். முன் சீட்டு காலியாக இருந்தது. அங்கே உட்காரச் சொல்லி யாரும் யாரையும் கேட்கவில்லை. எதிரே லோரி வரும்போதெல்லாம் என் கை தானாக நெஞ்சுக்குப் போனது. அவர் எலுமிச்சம்பழத்தைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக ஓட்டினார். சின்னவள் எடுத்து வைத்திருந்த பையில் வாந்தி எடுத்தாள். அதுவரைக்கும் எல்லாம் பெரியவள் போட்ட திட்டப்படிதான் நடந்தது.

மையத்தில் ஓடும் படிக்கட்டு இல்லை. அவளுக்கு முகம் தொங்கிவிட்டது. கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். எனக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலி. விளக்கை அணைக்கப் போகிற நேரத்தில் ஒரு மலாய்க்காரப் பெண் குனிந்து வந்து, "ஆடா ஒராங்?" என்று கேட்டார். ஆள் இருக்கிறதா என்கிறார். நான் அந்தக் காலி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். சின்னவள்தான் எட்டிப் பார்த்துச் சொன்னாள், "தாக் ஆடா. கொசோங்." ஆள் இல்லை, காலி.

அந்தப் பெண் உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது, கூரை முழுக்க நட்சத்திரம் வந்தது. அழகாகத்தான் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. பார்க்க வேண்டியவள் பார்க்காததை நான் எதற்குப் பார்க்க வேண்டும் என்று வயிறு எரிந்தது. சின்னவள் மட்டும் வாயைத் திறந்தபடி பார்த்தாள். நடுவில் ஒரு முறை, "அக்கா சொன்னது நெசந்தாம்மா" என்றாள்.

விளக்குப் போடுகிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தோம். எதிர் மலை மஞ்சளாக இருந்தது. காரிலிருந்து முதலில் இறங்கியவள் அவள்தான். நாங்கள் இறங்கும் வரை காத்திருந்து, விரலை நீட்டி எண்ணினாள். "அப்பா. அம்மா. நான்." பிறகு வாசலில் குவித்திருந்த கற்களைத் தேயிலைச் சரிவில் ஒவ்வொன்றாக எறிய ஆரம்பித்தாள். ஒவ்வொரு எறிக்கும் ஒரு சத்தம் போட்டாள். அவர் படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். சட்டைக்குள் கை விட்டு, விடிவதற்கு முன்பே தாலியோடு சேர்த்து முடிந்து வைத்திருந்த அந்தக் கல்லை எடுத்தேன். பெரியவளின் ஸ்வெட்டரில் கிடைத்த கல். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் நான், கல் இல்லாமல் கிளம்ப எனக்குத் தைரியம் வரவில்லை. உள்ளங்கையில் அது கொதித்தது, ஈப்போ போகிற வழியில் அவள் நெற்றி கொதித்த மாதிரியே.

"அம்மா, எல்லாம் போட்டாச்சு. இன்னும் இருக்கா?" வெளியிலிருந்து சின்னவள் கத்தினாள்.

"இல்லடி" என்றேன்.

ஆணியில் தொங்கிய ஸ்வெட்டரின் பைக்குள் அதைத் திரும்பப் போட்டேன்.